ஷெட்டுக்குள் ஒட்டுது, வெயிலில் விலகுது: பழைய காருக்குப் பழைய கலர் கொண்டுவருவதில் வரும் கோளாறுகள்

"கலர் சேரலண்ணே" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பெயிண்ட் டப்பாவோடு வருவார்கள். டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் காரைக் காட்டுங்கள் என்பேன். அம்பாசடரோ, பத்மினியோ, சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, எந்த வண்டியானாலும் கலர் சேராததற்கான காரணம் பெரும்பாலும் கலவைக்கு வெளியேதான் இருக்கும். பார்க்கிற வெளிச்சம், மாதிரி எடுத்த இடம், அடியில் கிடக்கும் பிரைமர், ஸ்ப்ரே கன் பிடித்த கை, இந்த நாலையும் பார்த்த பிறகுதான் கலவையில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சொட்டு மஞ்சள் விட்டுவிட்டாலும், அப்புறம் தப்பு எங்கே என்று தேடவே முடியாது.

உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஷெட்டுக்குள் சேருகிறது, வெளியே எடுத்தால் தனியாகத் தெரிகிறது

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். சேலைக்குப் பிளவுஸ் பிட் எடுக்க வந்த பெண்கள், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். கடைக்காரரும் தடுக்க மாட்டார். உள்ளே டியூப்லைட்டில் ஒட்டிய அரக்கு, தெருவில் ஒட்டாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கார் பெயிண்டிலும் இதே கதைதான்.

இரண்டு பெயிண்டில் இருக்கிற நிறமிகள் வேறாக இருந்தாலும் ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியலாம். வெளிச்சம் மாறினால் குட்டு உடைந்துவிடும். பழைய கார்களில் இது அதிகம் வரக் காரணம் உண்டு. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சைகளில் ஈய குரோமேட் இருந்தது. இன்று மிக்ஸிங் கடையில் அதே நிறத்தை வேறு நிறமிகளை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சரக்கு வேறு.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஹெரால்டு வந்தது. இளம் பச்சை. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் டிங்கரிங் முடித்து அடிக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணி வரை டியூப்லைட் அடியில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக விட்டுச் சேர்த்து, அடித்தும் முடித்துவிட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் வண்டி வாழைக்குருத்து மாதிரி நிற்கிறது, கதவு மட்டும் வெந்தயக்கீரை. வண்டிக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். சுற்றி வந்து பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, கதவை மட்டும் வேற வண்டியில கழட்டுனீங்களா?" அந்தக் கதவை மறுபடி தேய்த்து மறுபடி அடித்தேன், என் செலவில்.

அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. மாதிரித் தகடும் காரும் ஒன்றை ஒன்று தொட்டபடி, நடுவில் இடைவெளியே இல்லாமல் இருக்க வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, திறந்த வானத்துக்குக் கீழே, ஆனால் நேர் வெயில் விழாத நிழலில் பார்க்க வேண்டும். அப்புறம் நேர் வெயில், கடைசியாக டியூப்லைட். நேராகவும் பார்க்க வேண்டும், சாய்ந்தும் பார்க்க வேண்டும். உச்சி வெயில் வேண்டாம். பளபளப்பு கண்ணைக் கூசவைத்து வித்தியாசத்தை மறைத்துவிடும். வேப்பமரத்தடி கலரில் பச்சை ஏற்றும். ஷெட் வாசலில் கட்டிய நீலத் தார்பாய் வெள்ளைக் காரை நீலமாக்கும். போட்டிருக்கிற சிவப்புச் சட்டைகூடக் கதவில் விழும். இதை நம்பாதவர்கள் ஒரு தடவை சட்டை மாற்றிப் பார்க்கட்டும்.

பகல் வெளிச்சத்தில் சேர்ந்து டியூப்லைட்டில் லேசாக விலகினால் விட்டுவிடுங்கள். கார் ஓடப்போவது ரோட்டில்தான். பகலிலேயே விலகினால் மேலும் சொட்டு விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மிக்ஸிங் கடையில் சொல்லி, வேறு மஞ்சள் அல்லது வேறு பச்சை டின்டர் (கலவையில் விடும் நிறமி) வைத்த ஃபார்முலாவை முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.

ஒரிஜினல் கலர் எது என்றே பிடிபடவில்லை

ஐம்பது வருஷக் கார் என்றால் இரண்டு, மூன்று தடவையாவது கலர் மாறியிருக்கும். அதைக் காரே சொல்லும். வெளியே தெரியாத ஒரு இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேயுங்கள். பிறகு 1000 நம்பரில் மென்மையாக. நடுவில் தகரம் தெரியும், அதைச் சுற்றி ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாக வரும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. தகரத்தை ஒட்டி இருப்பது பிரைமர், அதற்கு அடுத்த வளையம் முதல் கலர்.

ஒரு எச்சரிக்கை. இடையில் யாராவது மொத்தமும் சுரண்டித் தகரம் வரை போய் அடித்திருந்தால், நீங்கள் பார்க்கிற முதல் வளையம் மூன்றாவது ஓனரின் ஆசையாக இருக்கும். மட்கார்டு மாற்றப்பட்டிருந்தால் அது வேறு வண்டியின் கதையைச் சொல்லும். அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று, நான்கு இடங்களில் தேய்த்துப் பார்த்து, எல்லாவற்றிலும் அடியில் ஒரே கலர் வருகிறதா என்று கவனியுங்கள். நான் தேடும் இடங்கள்: டேஷ்போர்டுப் பெட்டியின் உட்புறக் கூரை, கதவு அட்டையைக் கழற்றினால் உள்ளே தெரியும் தகரம், டிக்கி ரப்பர் பீடிங்குக்கு அடி, பின் விளக்கின் ரப்பருக்குக் கீழே, பின் சீட்டுக்குப் பின்னால், மோனோகிராம் ஒட்டிய இடம். ஹெரால்டு என்றால் இன்னும் வசதி. அதன் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டுச் சேர்த்தது. அந்த இணைப்புகளுக்கு நடுவில் கம்பெனி கலர் வெயில் படாமல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ரூமை மட்டும் நம்ப வேண்டாம். சூடும் எண்ணெயும் சேர்ந்து அங்கே எந்தக் கலரையும் பழுப்பாக்கிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் கலர் எழுதியிருக்கும். ஆனால் "கிரே" என்று ஒரு வார்த்தைதான் இருக்கும், எந்தக் கிரே என்று இருக்காது. தேடலைக் குறுக்க அதுவும் உதவும். இன்னொரு விஷயம், ஆர்.சி.யில் இருக்கும் கலரும் நீங்கள் திரும்பக் கொண்டுவரப்போகும் கலரும் வேறு என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றிப் பதிய வேண்டும். பெயிண்ட் வாங்குவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஆல்பத்தை எடுத்து வருபவர்களும் உண்டு. தாத்தா காரில் சாய்ந்து நிற்கும் படம். கருப்பு வெள்ளைப் படத்தில் கலர் தெரியாது, ஆனால் கூரை ஒரு கலர், பாடி ஒரு கலர் என்று இரட்டைக் கலரா என்பது தெரியும். அதற்கு அது பெரிய சாட்சி. எழுபதுகளின் கலர் பிரிண்ட் என்றால் ஜாக்கிரதை. அந்தத் தாளில் நீலச்சாயம் முதலில் போய்விடும், படம் முழுக்கச் செம்பாக மாறும். அதில் தெரியும் கிரீம் கலர் நிஜத்தில் வெறும் வெள்ளையாக இருந்திருக்கலாம். ஸ்டூடியோவில் கையால் வண்ணம் தீட்டிய படம் சாட்சியே இல்லை, அது ஸ்டூடியோக்காரரின் ரசனை.

பழைய மஞ்சள், ஆரஞ்சில் ஈயம் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா. அதனால் உலர்த் தேய்ப்பு வேண்டாம், எப்போதும் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மறைவான இடத்தில் எடுத்த வெள்ளை, மஞ்சளாக இருக்கிறது

வெயில் படாத இடம்தானே, அங்கே கலர் மாறியிருக்காது என்று நினைப்பது இயல்பு. சிவப்பு, நீலத்துக்கு அது சரி. எண்ணெய் சார்ந்த பழைய எனாமல் வெள்ளைக்குச் சரியில்லை. அந்த ரகம் இருட்டில் கிடந்தால்தான் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் மறுபடி வெளுக்கும். எத்தனையோ வெள்ளைக் கார்கள் இப்படித்தான் கிரீம் கார்களாகிவிட்டன, ஓனரும் "எங்கப்பா காலத்துக் கலர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

சோதிப்பது சுலபம். கழற்ற முடிகிற ஒரு சின்னப் பாகத்தை, டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மாதிரி ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை அலுமினியத் தாளால் இறுக்கமாகச் சுற்றி மொட்டைமாடியில் ஒரு வாரம் போடுங்கள். மதுரை வெயிலுக்கு அது போதும். தாளைப் பிரித்தால் மூடிய பாதி மஞ்சளாகவும் திறந்த பாதி வெளுத்தும் இருந்தால், வெளுத்த பாதிதான் உங்கள் மாதிரி. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது உண்மையிலேயே கிரீம்.

மெஷின் ரீடிங் எடுத்தும் தள்ளி நிற்கிறது

கலரை அளந்து ஃபார்முலா சொல்லும் மெஷின் பொய் சொல்லாது, ஆனால் காட்டியதை மட்டும்தான் படிக்கும். வெயிலில் மேலாகப் பொடிந்து சுண்ணாம்பு மாதிரி பூத்த பழைய பெயிண்ட் மேல் வைத்தால் அந்தப் பொடியையும் சேர்த்துப் படிக்கும், அதற்கேற்ப வெளிறிய ஃபார்முலா வரும். முதலில் அந்த இடத்தை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, மெழுகெல்லாம் போகத் துடைத்து, பளிச்சென்று ஆக்குங்கள். வளைவில்லாத தட்டையான இடமாகப் பாருங்கள். மூன்று ரீடிங்காவது எடுக்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. சித்திரையில் அழகர் இறங்கும் வாரம், பகல் இரண்டு மணிக்குப் பானட் மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ரீடிங் எடுத்தால், முக்கியமாக சிவப்பும் ஆரஞ்சும், ஆறிய பிறகு எடுத்த ரீடிங்கிலிருந்து விலகும். காலையில் எடுங்கள், இல்லையென்றால் நிழலில் நிறுத்தி ஆறவிட்டு எடுங்கள்.

வெளிநாட்டுக் கார் என்றால் கம்பெனி கலருக்கென்று ஒரு கோடு (code) நம்பர் இருக்குமே என்பீர்கள். உண்டு. பழைய பீட்டில் காரின் முத்து வெள்ளைக்கு எல் 87 என்று கோடு. ஆனால் அந்தக் கோடு கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்றைய கலரைத்தான் சொல்லும். முழு வண்டியும் அடிக்கப்போகிறீர்கள் என்றால் கோடு போதும். ஒரு கதவு மட்டும் அடிக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் நிற்கப்போகிற, வெயிலில் காய்ந்த மட்கார்டுதான் உங்கள் கோடு.

டப்பாவில் சரியாக இருந்தது, காய்ந்ததும் வேறாகிவிட்டது

ஈரப் பெயிண்டை யாரும் நம்பக் கூடாது. விரலில் தொட்டுக் கார் மேல் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம், அதில் கலரின் திசை தெரியும், அளவு தெரியாது. வெள்ளித்துகள் இல்லாத சாலிட் கலர்கள் காய்ந்தால் சற்று அடர்த்தியாகும். பேஸ் கோட் என்கிற கலர் அடுக்கு காய்ந்ததும் மங்கி, கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு மேலே ஏறிய பிறகுதான் நிஜ நிறத்துக்கு வரும்.

ஆறு அங்குலத் தகரத் துண்டுகள் ஒரு பத்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். காருக்குப் போடும் அதே பிரைமர், அதே தின்னர், அதே கன், அதே எண்ணிக்கைக் கோட். பிரஷில் தடவிய மாதிரி வேலைக்கு ஆகாது. அதற்கும் முன்னால் டப்பாவின் அடியைக் குச்சியால் தூக்கிப் பாருங்கள். கனமான நிறமி அடியில் உட்கார்ந்திருந்தால் மேலாக ஊற்றியது வேறு கலர், கடைசியில் ஊற்றுவது வேறு கலர்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விலகினால்தான் கலவையில் கை வைப்பது. மொத்த டப்பாவில் அல்ல, தராசில் 100 கிராம் எடுத்து அதில். மூன்றே கேள்வி: வெளிறலா, அடர்வா? எந்தப் பக்கம் சாய்கிறது, மஞ்சளா, நீலமா, சிவப்பா, பச்சையா? தெளிவாக இருக்கிறதா, அழுக்காகவா? ஃபார்முலாவில் ஏற்கெனவே இருக்கிற டின்டர்களால் மட்டும் திருத்துங்கள், வெளியிலிருந்து புது நிறமியைக் கூப்பிடாதீர்கள். மஞ்சளை அடர்த்தியாக்கக் கருப்பு விட்டால் அது பச்சையாகும். சிவப்பை வெளிறவைக்க வெள்ளை விட்டால் ரோஸாகும். வெள்ளையில் கருப்பு விட்டால் நீலச் சாம்பல். பழைய கிரீம் கலருக்கு வெள்ளையோடு மஞ்சள் ஆக்சைடும் ஊசிமுனை அளவு கருப்பும் போதும், பளிச் மஞ்சள் விட்டால் அது ஆட்டோ பக்கம் போய்விடும். பச்சை அதிகமாகிவிட்டது என்று சிவப்பு, சிவப்பு அதிகமாகிவிட்டது என்று பச்சை என்று மாறி மாறி விடுபவர்களின் டப்பாவைப் பார்த்திருக்கிறேன். மழைக்குப் பிந்தைய வைகைத் தண்ணீர்தான். அந்த நிலைக்கு வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது மலிவு.

ஒவ்வொரு சேர்ப்பையும் எழுதுங்கள். நினைவில் நிற்கும் என்று நினைக்காதீர்கள், நிற்காது.

சிவப்பும் மஞ்சளும் எத்தனை கோட் அடித்தாலும் ஏறவில்லை

இந்த இரண்டுக்கும் மறைக்கும் சக்தி குறைவு. அடியில் எங்காவது அடர் சாம்பல் பிரைமர், எங்காவது வெளிர் பட்டி என்று திட்டுத்திட்டாக இருந்தால் மேலே அதே வரைபடம் தெரியும். பட்டி பார்த்த இடம் முழுக்க மறையும்படி ஒரே கலர் பிரைமர் அடித்துச் சமப்படுத்துங்கள். மாதிரித் தகரத்தில் பாதி கருப்பு, பாதி வெள்ளை அடித்து, மேலே உங்கள் கலரை எத்தனை கோட் போட்டால் எல்லைக்கோடு மறைகிறது என்று எண்ணுங்கள். காருக்கும் அத்தனை கோட். குறைத்தால் கலரே வேறு.

வெள்ளை அடித்த இடத்தில் ரோஸ் கசிகிறது

அடியில் பழைய சிவப்பு இருக்கிறது. சில பழைய சிவப்பு நிறமிகள் புதுத் தின்னரில் கரைந்து மேலே ஏறும். மேலே மேலே வெள்ளை அடித்தாலும் நிற்காது. அந்த இடத்தைச் சுரண்டி எடுங்கள், அல்லது கசிவைத் தடுக்கும் சீலர் போட்டு மூடுங்கள். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே பழைய பெயிண்டைத் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எளிதாகச் சாயம் ஏறினால் உஷார்.

ஐப்பசியில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிட்டது

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கு வரும் வியாதி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. மழை விட்ட மறுநாள், அல்லது காலை பத்துக்குப் பிறகு அடியுங்கள். ரிட்டார்டர் கலந்தால் ஆவியாவது நிதானப்படும். ஏற்கெனவே பூத்திருந்தால், வெயில் வந்ததும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கலர் மாறிவிட்டது என்று பயந்து மறுபடி கலக்க ஓடாதீர்கள்.

ஒரே டப்பா, கதவு வெளிறல், மட்கார்டு அடர்வு

மெட்டாலிக் என்றால் தப்பு கையில்தான் இருக்கிறது. தூரமாகப் பிடித்து, காற்றைக் கூட்டி, உலர்வாக அடித்தால் வெள்ளித்துகள் மேலாகப் படிந்து வெளிறிக் காட்டும். நெருக்கமாக ஈரமாக அடித்தால் துகள் உள்ளே அமிழ்ந்து அடர்த்தியாகும். கோடையில் வேகத் தின்னர் போட்டாலும் வெளிறும், ஆகவே நிதானத் தின்னர். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே தூரம்.

கலர் மிக நெருக்கம், ஆனாலும் கதவு விளிம்பில் கோடு தெரிகிறது

விளிம்பில் நிறுத்தாதீர்கள். பக்கத்துப் பாகத்துக்குள் மெல்ல இறக்கி, கலர் கரைந்து போகும்படி அடியுங்கள். கிளியர் போடுகிற பெயிண்டில் இது எளிது, கிளியர் இல்லாத பழைய சாலிடில் கஷ்டம். அதில் நான் ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிடுவேன். ஹெரால்டில் பானட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாகத் திறக்கும் என்பதால், கோடு கதவுக்கு முன்னாலேயே இயற்கையாக இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கலர் சேர்ந்துவிட்டது, வண்டி மட்டும் பழைய கார் மாதிரி இல்லை

இதைக் கடைசியாகச் சொன்னாலும் எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். பகலில் பார்த்தாலும் டியூப்லைட்டில் பார்த்தாலும் கலர் சேர்கிறது. ஆனாலும் ஓனர் முகம் சுளிக்கிறார், ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. காரணம் பளபளப்பு. அதே கலர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அடர்த்தியாகத் தெரியும், மெத்தென்று மின்னினால் வெளிறித் தெரியும். அந்தக் காலத்து என்.சி. பெயிண்டைக் கையால் ரப்பிங் போட்டு மின்னவைத்தார்கள், அந்த மினுக்கு பாலாடை மாதிரி. இன்றைய கிளியர் கோட் காய்ந்த பிறகும் ஈரம் மாதிரியே மின்னும். சாலிட் கலர் பழைய காருக்கு நான் கிளியர் வேண்டாம் என்பேன். கிளியர் இல்லாத பி.யு. (பாலியூரிதேன்) சிங்கிள் ஸ்டேஜ் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு 2000 வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், கையால். பி.யு. ஹார்டனர் மூச்சுக்குள் போனால் நுரையீரலைப் பிடிக்கும், துணி மாஸ்க் உதவாது, வாயு வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொண்டுதான் கன் பிடிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கடைசியாகப் பொருந்திய மாதிரித் தகரத்தின் பின்பக்கம் பெர்மனென்ட் மார்க்கரால் ஃபார்முலா, ஒவ்வொரு டின்டரின் கிராம் கணக்கு, தின்னரின் பெயர், பிரைமர் கலர், கோட் எண்ணிக்கை, தேதி எல்லாம் எழுதுங்கள். அலுமினியத் தாளில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். வாத்தியாரின் ஹெரால்டில் ஒன்று இன்னும் கிடக்கிறது. போன வருஷம் அவர் பேரன் வண்டியைத் திருமங்கலத்தில் ஒரு சுவரில் உரசிவிட்டு வந்து, அந்தத் தகரத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டினான்.